அக்காவிடம் மிஞ்சிய சொல்

வியாழக்கிழமை காலை பதினொன்று இருபது. திருவேட்டக்குடிப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். அக்கா பதில் வணக்கம் சொல்லவில்லை. "குந்து" என்றார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். அக்காவின் வகுப்பில் அந்தச் சொல் புதிதல்ல. கரும்பலகைப் பக்கம் திரும்பியவரின் கையிலிருந்து சுண்ணக்கட்டி விழுந்தது. மறுபடியும் "குந்து" என்றார். ஏதோ விளையாட்டு என்று நினைத்த பிள்ளைகள் பெஞ்சை விட்டு இறங்கித் தரையில் குந்தினார்கள். மூன்றாம் முறை சொன்னபோது வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. முன் வரிசைச் சிறுமி ஒருத்திதான், "டீச்சர் வெளையாடலடி" என்று கத்திக்கொண்டு பக்கத்து வகுப்புக்கு ஓடினாள்.

அந்தப் பிள்ளைகள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "நாங்க சிரிச்சிட்டோம் ஆண்ட்டி. சிரிக்காம இருந்திருந்தா டீச்சர் பொழச்சிருப்பாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். ஓராண்டு ஆகியும் அந்தக் கேள்வி என் காதை விட்டுப் போகவில்லை. இந்த நினைவு மலர் அவர்கள் கைக்கும் போகும் என்பதால் முதலில் இதை எழுதிவிடுகிறேன். நீங்கள் சிரித்ததில் தவறே இல்லை. உங்களைச் சிரிக்க வைத்துத்தான் அவர் பாடம் நடத்தினார். தவறு செய்தவள் நான். அதை எழுதத்தான் மலர் போடுகிற பழைய மாணவர்களிடம் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

அக்கா நெடுங்காட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தார். ஆறு ஆண்டு கழித்துப் பிறந்த நான் அவருடைய ஒரே தங்கை. அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்குப் போனவர்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. ஐந்தாம் வகுப்பு முடித்த அக்காவைக் காரைக்காலில் சேர்க்க ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டியிருந்தது. அப்பா பண்ணை வீட்டுக்குப் போனார், அக்காவும் கூடப் போனார். அந்த வீட்டுப் பெரியவர் முற்றத்து மண்ணைக் காட்டி அப்பாவிடம் "குந்து" என்றார். சற்று நேரத்தில் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் எழுத்தர் ஒருவர் வந்தார். அவருக்கு நாற்காலியைக் காட்டி "உட்காருங்க" என்றார். கடிதம் கிடைத்தது. ஆனால் வீடு திரும்பிய அக்கா அம்மாவிடம் முதலில் சொன்னது கடிதத்தைப் பற்றி இல்லை.

"ஒக்கார்றதுக்கு ரெண்டு வார்த்தை இருக்கும்மா. அப்பாவுக்கு ஒண்ணு, மத்தவங்களுக்கு ஒண்ணு."

இதைக் கேட்டுக் கேட்டே நான் வளர்ந்தேன். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பு கூசும். அக்காவோ அதை விடவே மாட்டேன் என்றார். தமிழ் படித்து, ஆசிரியராகி, திருவேட்டக்குடிக்கு வேலைக்குப் போன முதல் நாளே கரும்பலகையில் நடுவே ஒரு கோடு கிழித்தாராம். ஒரு பக்கம் "வீட்டுத் தமிழ்", மறுபக்கம் "தாள் தமிழ்". வீட்டுப் பக்கத்தில் முதல் சொல் குந்து, தாள் பக்கத்தில் அமர். அதன் பிறகு எந்த வகுப்பானாலும் முதல் பாடம் அதுதான். இதைப் படிக்கும் பலர் அந்தக் கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல் எழுதிப் போட்டவர்கள்தான்.

மீனவர் வீட்டு மாணவன் ஒருவன் கட்டுரையில் "கச்சான் அடித்தது" என்று எழுத, வேறோர் ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். அக்கா நோட்டைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார். "மேக்கேருந்து வர்ற காத்துக்குப் பேரு சொல்றான். எனக்குக் காத்துன்னா காத்துதான், வேற தெரியாது. இவன் வீட்டுல நாலு தெசைக் காத்துக்கும் நாலு பேரு இருக்கு. யாருடா படிச்சவன்?" அதே அக்கா பரீட்சையில் கறாராக இருப்பார். "தாள்ல தாள் தமிழ்தான். அங்க ஒன்னை யாருன்னே தெரியாத ஒருத்தன் திருத்துறான். அவன்கிட்ட போயி வீட்டுக் கதை பேசாதே" என்பார்.

ஆங்கிலம் வேண்டாம் என்று அவர் சொன்னதே இல்லை. அப்படிச் சொன்னதாக நான்தான் நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன், என் பக்கம் நியாயம் தேட. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய், "எம் புள்ள ரெண்டு வார்த்தை இங்கிலீஷ் பேசணும் டீச்சர்" என்று கேட்டபோது, "நாலு வார்த்தை பேசட்டும், சொல்லிக் குடுப்போம். ஆனா என்னா படிச்சேன்னு ஒங்ககிட்ட வந்து சொல்லத் தெரியாமப் போச்சுன்னா, நீங்க யாரு வீட்டுப் புள்ளையப் படிக்க வெச்சீங்க?" என்றார். அக்காவைப் பார்க்கப் போயிருந்த நானும் அந்தக் கூட்டத்தில் ஓர் ஓரத்தில் இருந்தேன். அது எனக்கும் சேர்த்துச் சொன்னது என்று தோன்றி, அன்று அவர் ஏறிய பேருந்தில் ஏறாமல் அடுத்த பேருந்தில் வீட்டுக்குப் போனேன்.

மாலையில் தொலைக்காட்சித் தொடர் பார்ப்பார். ஒரு நாள் விடாமல் பார்ப்பார், ஒரு நிமிடம் விடாமல் திட்டுவார். "பாரு, வேலைக்காரம்மா வந்தாச்சு. இப்ப நம்ம பேச்சு வரும் பாரு" என்பார். சொன்னபடியே வரும். "நம்மள மாதிரி பேசுறவன் சினிமாவுல ஒண்ணு சிரிக்க வைக்க வர்றான், இல்லன்னா அடி வாங்க வர்றான். காதலிக்கணும்னா மட்டும் அவனுக்கு வேற தமிழ் வந்துடுது." கடற்கரையில் ரீல்ஸ் எடுத்த மாணவிகளை ஒருமுறை கூப்பிட்டு விசாரித்தார். ஆடியதற்குத் திட்டு விழும் என்று அவர்கள் நடுங்கினார்கள். "ஆட்டம் நல்லாத்தான் இருக்கு. வாயில மட்டும் ஏன்டி எவ கொரலையோ வெச்சிருக்கீங்க? ஒங்க கொரலுக்கு என்னா கொறைச்சல்?" என்றார்.

அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. என் மகளுக்குத் தேன்மொழி என்று பெயர் வைத்தவர் அவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் கோட்டுச்சேரியில் பெரியம்மா வீட்டில்தான் இருப்பாள். அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் மேலதிகாரி மனைவியுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். தேன்மொழி நாற்காலியை இழுத்துப் போட்டு, "அங்கிள், குந்துங்க" என்றாள். அந்த அம்மா சிரித்துவிட்டார். "இந்தத் தமிழை எங்கேருந்து புடிச்சா?" என்று கேட்டார். அவர்கள் போனதும் குழந்தையைக் கன்னத்தில் அறைந்தேன். அன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா சமையலறையிலிருந்து வந்தார்.

"'ங்க' போட்டுத்தானேடி சொன்னா? நாற்காலியும் போட்டா. அப்பாவுக்குக் கெடைக்காத ரெண்டையும் சேத்துக் குடுத்திருக்கா. அதுக்கா அடி?"

"அந்த வார்த்தை என் வீட்டுல வேணாம்க்கா."

"வார்த்தை என்னா பண்ணும்? சொன்ன வாய்தான் தப்பு. இப்ப ஒன் வாயும் அந்த வாயாப் போச்சு."

அதோடு சனிக்கிழமைகள் நின்றன. நான் நிறுத்தினேன். மகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினேன், வீட்டிலும் ஆங்கிலத்தில் பேசப் பழக்கினேன். யாரும் அவளைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாதே என்ற ஒரே பயம். தாயின் பயம் என்றுதான் இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவள் படித்தாள், பெங்களூருவில் வேலைக்குப் போனாள், ஊருக்கு வருவது குறைந்தது. இரண்டு ஆண்டுகள் வரவே இல்லை. ஏன் என்று அழுது கேட்டதற்கு, "அங்க வந்தா எந்த வாயால பேசுறதுன்னே எனக்குத் தெரியலம்மா" என்றாள்.

இனி அந்த ஐந்தாம் நாளை எழுத வேண்டும்.

மருத்துவமனையில் அக்காவுக்கு வலக்கையும் வலக்காலும் அசையவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. தண்ணீர் வேண்டுமானாலும் குந்து, வலித்தாலும் குந்து, என்னைப் பார்த்தாலும் குந்து. பார்க்க வந்த எல்லோருக்கும் அதுதான். எத்தனையோ ஆயிரம் சொற்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவரிடம் நான் வெறுத்த சொல் மட்டும் தங்கியிருந்தது. ஐந்தாம் நாள் பெரிய டாக்டர் வந்தார். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்து "குந்து" என்றார். உடன் வந்த இளம் டாக்டர்கள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்கள். பெரிய டாக்டர் தவறாக எடுத்துக்கொள்ளவே இல்லை. "ஒரு வார்த்தை நிக்குது, அது நல்லது. அதைப் புடிச்சிக்கிட்டே மத்ததைக் கொண்டு வரப் பாக்கலாம். நெறையப் பேச விடுங்க" என்றார்.

நான்தான் பதறிப்போய்க் கைகூப்பினேன். "மன்னிச்சிடுங்க சார். இவங்க தமிழ் டீச்சர். இந்த மாதிரியெல்லாம் பேசுறவங்க கெடையாது."

அக்காவுக்குப் பேச்சுதான் போயிருந்தது, காது போகவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு அந்த ஒரு சொல்லும் வரவில்லை.

அன்று களைப்பு என்று நினைத்தேன். மறுநாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் வெகுநேரம் முயன்றுவிட்டு, "நேத்து வரைக்கும் ஒண்ணு சொன்னாங்களே, அதைப் புடிச்சித்தான ஆரம்பிக்கணும்?" என்றார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு அக்காவிடம் கெஞ்சினேன். "ஒரு தடவை சொல்லுக்கா. என்னைத் திட்டுறதுக்காவது சொல்லு. நான் குந்துறேன்க்கா, எங்க வேணாலும் குந்துறேன்." சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து இருந்தது, டாக்டர்கள் இருந்தார்கள், அக்கா உயிரோடு இருந்தார். பிடித்து ஏறி வர அவரிடம் இருந்த ஒரே கயிற்றை நான் அறுத்துவிட்டேன். பன்னிரண்டு நாள் இப்படியே போயின.

மகளுக்கு முதல் நாளிலிருந்து ஆங்கிலத்தில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அதுதான் பழக்கம், நான் பழக்கியது. முதலில் விடுப்பு இல்லை என்று பதில் வந்தது, பிறகு பதிலே இல்லை. பதினேழாம் நாள் மருத்துவமனை மாடிப்படியில் உட்கார்ந்து, போனில் குரல் பதிவு செய்து தமிழில் அனுப்பினேன். டாக்டரிடம் நான் என்ன சொன்னேன் என்பதை அப்படியே சொன்னேன். "பெரியம்மா வாய நான் அடைச்சிட்டேன் தேனு. எனக்குத் தொறக்கத் தெரியல. நீ வா" என்றேன்.

அந்த வியாழக்கிழமை அக்காவை மீன் ஏற்றும் வண்டியில் படுக்கவைத்து ஓட்டமாகக் கொண்டுவந்து சேர்த்த திருவேட்டக்குடிச் சகோதரர்களை என் ஆயுள் உள்ளவரை மறக்க மாட்டேன். வகுப்பு முடிந்ததும் நேரே வந்து, இரவு கஞ்சி கொடுத்துவிட்டுப் போன பக்கத்து வகுப்பு ஆசிரியைக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இருபதாம் நாள் அக்கா எங்களை விட்டுப் போனபோது பள்ளியிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கும், இந்த மலரை உருவாக்கிய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னும் ஒருத்திக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அவளிடம் நேரில் சொல்ல எனக்கு இதுவரை வாய் வரவில்லை.

பதினெட்டாம் நாள் மாலை, பார்வையாளர் நேரம் முடியப் போகிற சமயம், தோளில் பையோடு தேன்மொழி வாசலில் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. நேரே கட்டிலின் மறுபக்கம் போய், சுவருக்கும் பெரியம்மாவின் முகத்துக்கும் நடுவே நின்றாள். இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

"என்னா பெரியம்மா, அவ்ளோ தூரத்துலேருந்து வந்திருக்கேன், குந்துன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

அக்காவின் உதடு நடுங்கியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு காற்றும் குரலுமாக அந்தச் சொல் வந்தது.

"குந்து."

தேன்மொழி பையை இறக்கிவிட்டுத் தரையில் குந்தினாள். அக்காவின் இடக்கை கட்டிலிலிருந்து இறங்கி அவள் தலையைத் தேடியது. நான் நின்றுகொண்டே இருந்தேன். அக்கா என் பக்கம் பார்த்து இன்னொரு முறை வாயைத் திறந்தார். மகள்தான் என் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒன்னையுந்தாம்மா சொல்றாங்க. குந்து."