அடைக்குக் கேட்ட கோழி

“மல்லிகா கோழியைக் கேட்டாள். நம்பவில்லை.” இது என் 1981 ஆடி மாத நாட்குறிப்பு.

ஜவ்வாது மலையில் நான் செல்லமாக வளர்த்த சில்க்கிக் கோழிக்கு இறகு வெள்ளைப் பஞ்சு, தோலோ கறுப்பு. பக்கத்து வீட்டு மல்லிகா அதைச் சாமிக்கு அறுக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்; அதை அவளிடமே கேட்டும்விட்டேன்.

“இன்னா சார், இத்தப் போயி அறுப்பாங்களா? அடையில இருந்த என் கோழிய கீரி தூக்கினு பூட்ச்சி. முட்டையெல்லாம் ஆறிடும். உங்களுது உருளக்கெயங்கு மேலயே அடை குந்துதே!”

அரைமனதாகக் கொடுத்தேன். சந்தேகம் தாங்காமல் பின்னாலேயே அவள் வீட்டுக்குப் போனேன். கூடையில் முட்டைகளை மூடிப் படுத்திருந்த கோழி, நான் நீட்டிய கையைக் கொத்தியது. மல்லிகா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

குஞ்சுகள் வளர்ந்த பின் கோழியைத் திருப்பிக் கொடுத்தாள். அது தினமும் அவள் வீட்டுக்கே ஓடியது. குஞ்சுகளைத் தேடியா, என்னை நம்பாமலா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.