நைனா சிபாரிசு செய்யாத கடை

மேல்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண், கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள், பக்கத்தில் நல்ல சாப்பாட்டுக் கடை எது, விலையும் கட்டுப்படியாக வேண்டும் என்று நேற்று என்னிடம் கேட்டாள். கையில் போன் வைத்துக்கொண்டும் என்னிடம்தான் வந்தாள். எனக்குக் கொஞ்சம் பெருமைதான். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் நான். கடைப் பலகையைவிட உள்ளேயிருந்து வருகிற தாளிப்பு வாசனை எனக்குச் சீக்கிரம் புரியும். அது என் நைனா கொடுத்த பழக்கம்.

அம்மா செத்துப்போனபோது எனக்கு நாலு வயது. நைனாவுக்கு அம்பத்தூரில் கம்பெனி வேலை. வாரம் முழுக்கக் கஞ்சியும் துவையலும் அவரே செய்து போடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கிளம்பிவிடுவார். ஒரு வாரம் ஆவடி, ஒரு வாரம் பூந்தமல்லி, இன்னொரு வாரம் குமணன்சாவடி. லாரிக்காரர்கள் சாப்பிடுகிற கொட்டகை, வீட்டு முன்னறையில் நாலு பேருக்கு இலை போடுகிற இடம், எதையும் விடமாட்டார். எங்கே போனாலும் மீன் குழம்புதான், அதுவும் ஏரி மீன். முதல் வாயை எனக்கு ஊட்டிவிட்டு என் முகத்தையே பார்ப்பார்.

"இன்னாம்மா, எப்டி கீது?"

"நல்லா கீது நைனா." பசியில் எனக்கு எல்லாமே நன்றாகத்தான் இருந்தது.

ஒரு 'உம்' போட்டுவிட்டு அவர் சாப்பிட ஆரம்பிப்பார்.

இப்படியே ரெண்டு மூணு வருஷம் ஓடியது. நைனாவுக்கு ஒரு பெயரும் வந்துவிட்டது. "அண்ணாத்தே, ஆவடி பக்கம் போறேன், எங்க துன்னலாம்?" என்று காலனி ஆட்கள் வந்து நிற்பார்கள். இந்தக் கடையில் ரசத்தை நம்பலாம், அந்தக் கடைக்கு உச்சிக்கு முன்னால் போய்விடு என்று ஒளிக்காமல் சொல்லுவார். "மாமே, உனக்கு நாக்கு நீளம்" என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. பெண்டாட்டியை அனுப்பிவிட்டுக் கடை கடையாய்த் தின்று திரிகிறான் என்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்களும் உண்டு. எனக்கோ நைனா பெரிய ஆள்.

ஒரு ஞாயிறு, அயனம்பாக்கம் ஏரிக்கரையில் பலகைகூட இல்லாத ஒரு கடைக்குப் போனோம். ஓர் அம்மாள் விறகடுப்பில் மாங்காய் போட்டு வெறால் மீன் குழம்பு வைத்து, இறக்கின பிறகு வடகத்தை நல்லெண்ணெயில் பொரித்து மேலே கொட்டினாள். வாசனை வந்ததுமே நைனா அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார். அன்றைக்கு மட்டும் முதல் வாயை அவரே போட்டுக்கொண்டார். மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு முள்ளெல்லாம் எடுத்து, ஓர் உருண்டை பிடித்து எனக்கு ஊட்டினார்.

"எப்டி கீது?"

"நல்லா கீது நைனா."

"நல்லா பாத்து சொல்லு. எதுனா ஞாபகம் வர்தா?"

"இன்னா ஞாபகம்?"

இன்னொரு வாய் ஊட்டினார். இன்னொன்றும். ஒவ்வொரு வாய்க்கும் என் முகத்தைப் பார்த்தார். நான் பந்தலில் தொங்கிய கிளிக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீதிச் சோற்றை அவர் தொடவில்லை.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் சுவரோரம் சாய்ந்தே நின்றது. கேட்டால், "கால் நோவுதும்மா" என்பார்.

கொஞ்ச நாளில் எதிர்வீட்டு அத்தை அயனம்பாக்கத்துக்குப் போவதாக வந்து கடை விசாரித்தாள். அம்மாவோடு ஒன்றாய்த் தண்ணீர் எடுக்கப் போனவள், அம்மா சட்டியில் சாப்பிட்டவள்.

"அங்க ஒண்ணும் சரியில்ல தங்கச்சி" என்றார் நைனா.

எனக்குப் பொறுக்கவில்லை. நைனா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. தெருமுனைவரை ஓடிப்போய், ஏரிக்கரைக் கடையில் மீன் குழம்பு ரொம்ப நல்லா கீது என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அண்ணே, அண்ணி கை மாரியே கீதுண்ணே" என்றாள்.

நைனா என் தலையில் கை வைத்தார். "இன்னா பண்றது. கொயந்தைக்குத் தெர்லியே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல கடையைக் கண்டு சொன்னதே நான். என்னைப் போய்த் தெரியவில்லை என்கிறாரே என்று அவர் கையைத் தட்டிவிட்டு விளையாட ஓடிவிட்டேன்.