தொளதொளாவின் தக்காளி வாளிகள்

தையல்காரருக்குத் தெருவில் 'தொளதொளா' என்று பெயர். அவர் தைத்த சட்டைக்குள் ஒரு ஆள் நுழைந்தால், துணைக்கு இன்னொரு ஆளும் நுழையலாம். மனுஷன் இன்றைக்கு இருக்கிற மாதிரியா நாளைக்கு இருப்பான், கொஞ்சம் கூட விட்டுத்தான் வைக்கணும் என்பது அவர் கட்சி. துணியோடு அது நின்றதா? தேநீருக்குச் சர்க்கரை, துவைக்கச் சோப்புத்தூள், எதிலும் அளவு போட்டபின் மனசு ஆறாமல் இன்னொன்று போடுவார்.

மாமியாருக்கு இவர் சின்ன மருமகன். பெரிய மருமகன் சலூன் வைத்திருந்தார். அவர் நேர் எதிர். ஓரத்தில் லேசாகக் குறைக்கச் சொல்லி உட்கார்ந்தவன் எழுந்திருக்கும்போது அம்மாவுக்கே அடையாளம் தெரியாது. சகலைகள் இருவரும் மாமியார் வீட்டிலேதான், ஒருவர் கீழ்வீடு, ஒருவர் மேல்வீடு. சண்டை போட அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு மொட்டை மாடி.

தையல்கடை மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாத பொந்து. பகல் முழுக்க டியூப் லைட்டுதான் சூரியன். அதனால் காலையில் மாடியில் வெயில் காய்கிற அந்தக் கொஞ்ச நேரம் அவருக்கு உயிர். அதற்கு ஒரு சாக்கு வேண்டுமே என்று பழைய பெயிண்ட் வாளிகளுக்கு அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, தக்காளி வைத்திருந்தார். சலூன்காரருக்கோ துண்டு உலர்த்தக் கொடி கட்ட இடம் வேண்டும்.

செடிகள் காடாக வளர்ந்தன. இலை இலையாக, கரும்பச்சையாக, இடுப்புயரத்துக்கு. பூ மட்டும் கிடையாது. சலூன்காரர் ஒருநாள் கத்தரிக்கோலோடு மேலே வந்து நின்று பார்த்தார்.

"சகல, இது தக்காளியா கீரையா? உட்காரச் சொல்லுங்க, ஒரு கிராப் வெட்டி விடறேன்."

"உங்க கைக்குத் தப்பித்தான் இதுங்க மாடியில வந்து நிக்குது, சகல."

"மாடிக்குப் பேரே மொட்டை மாடி. அது எங்க தொழிலுக்குச் சேர வேண்டியது."

பஞ்சாயத்து மாமியாரிடம் போனது. அந்த அம்மாள் இரண்டு மருமகன்களையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மழை பிடிப்பதற்குள் ஒரு பழம் பழுத்தால் மாடி சின்னவருக்கு, இல்லையென்றால் பெரியவர் கொடி கட்டிக்கொள்ளட்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

தொளதொளா அரக்கப் பரக்க உரக்கடைக்கு ஓடினார். மனைவியும் கூடவே போனாள். கடைக்காரம்மா முதலில் கேட்டது, இதுவரை என்ன போட்டீர்கள் என்று. வெள்ளைக் குருணையாக இருக்கிற யூரியா என்றார். எவ்வளவு என்றாள். மூடியில் போட்டிருந்த அளவும், மேலே ஒன்றும் என்றார். அந்தம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஒரு பையைத் திருப்பி மூன்று எண்களைக் காட்டினாள். முதல் எண் இலைக்கு, நடுவில் இருப்பது வேருக்கும் பூவுக்கும், கடைசி காய்க்கு. நீங்கள் போட்டது முதல் எண் மட்டும் உள்ளது என்றாள்.

"சட்டை தைக்கிறவர்தானே? வெறும் கையா தைச்சு அனுப்பினா எவன் போடுவான்? முன்பக்கம், பின்பக்கம், கை மூணும் வேணும்ல. மூணு எண்ணும் சமமா இருக்கிறதை எடுங்க. பூ வந்தப்புறம் கடைசி எண் பெருசா இருக்கிறதுக்கு மாறிக்கலாம்."

இன்னொன்றும் சொன்னாள். தோட்டத்து மண்ணில் கூடுதலாகப் போட்ட உரம் கீழே இறங்கிப் போகும். வாளி மண்ணுக்கு ஓடி ஒளிய இடமில்லை, வேரைச் சுட்டுவிடும். ஆகவே முதலில் வெறும் தண்ணீரை அடியில் ஒழுகுகிற வரை ஊற்றிக் கழுவணும். அப்புறம் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஒரு குடம் தண்ணீருக்கு ஒரே ஒரு டீஸ்பூன். அதற்கு மேல் பொடி விழக்கூடாது.

தொளதொளா பயபக்தியோடு தலையாட்டினார். மனைவிக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தலை எத்தனை தடவை ஆடியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? அவர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனதும் கடைக்காரம்மாவிடம் குனிந்தாள்.

"சொன்னா கேக்கற ஜாதி இல்லக்கா இவரு. கரண்டியைத்தான் சின்னதாக்கணும்."

வீட்டில் இருமல் மருந்தோடு வந்த அரை டீஸ்பூன் கரண்டி ஒன்று கிடந்தது. அதை உரப்பைக்குள் போட்டு, இதுதான் கடையில் கொடுத்த அளவு என்றாள். அவர் அக்கம்பக்கம் பார்த்து ஒரு கரண்டி போட்டார். ஆசை அடங்காமல் இன்னொன்றும் போட்டார். குடத்துத் தண்ணீருக்குக் கணக்காக ஒரு டீஸ்பூன்.

பூ வந்தது, காய் வந்தது. மழைக்காலம் நெருங்கிவிட்ட ஒரு காலையில் ஒரு பழம் சிவந்தே விட்டது. சலூன்காரர், கடைப்பழத்தைச் செடியில் நூலால் கட்டியிருப்பார், தையல்காரர்தானே, என்று கிளப்பிவிட, மாமியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். பழத்தைத் திருகிப் பறித்தாள். காம்பு பச்சையாக வந்தது. கடித்துப் பார்த்தாள்.

மாடி சின்ன மருமகனுக்கு என்றாகிவிட்டது. தொளதொளா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அளவு பிசகாமல் போட்டால் எல்லாம் வரும் என்று சகலைக்குப் பாடம் எடுத்தார். மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாமியார் மட்டும் இறங்கவில்லை. சுற்றிலும் பார்த்தாள். முட்டியைத் தடவினாள்.

"இந்த இளவெயில் முட்டிக்கு இதமா இருக்கு மாப்பிள. மழை நாள் போக மத்த நாளெல்லாம் நானும் காலையில இங்கதான். ஒரு நாற்காலி கொண்டாந்து போடுங்க."

நாற்காலியைச் சலூன்காரரே ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்து, சகலை தினமும் வெயில் காய்கிற இடமாகப் பார்த்துப் போட்டார்.