துரத்த ஆளில்லாத ஓட்டம்

டொரொன்டோவுக்கு வந்த புதிதில் ஒரு காலை, பக்கத்து வீட்டுக்காரர் அரைக் காற்சட்டையோடு பனிக்குள் ஓடுவதைக் கண்டு பதறி வெளியே வந்தேன். அவருக்குப் பின்னால் தெருவைப் பார்த்தேன், யாருமில்லை. "என்ன நடந்தது?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். "ஒன்றுமில்லை, ஒரு ரன் போகிறேன்" என்றார். ஒன்றுமில்லாமல் ஒரு மனிதர் ஏன் ஓட வேண்டும் என்று நானும் மனைவியும் தேநீர் ஆறும்வரை ஆராய்ந்தோம்.

இந்த நாட்டில் 'ரன்' என்ற சொல்லுக்கு ஓய்வே கிடையாது. கடையை ரன் பண்ணுகிறார்கள், தேர்தலில் ரன் பண்ணுகிறார்கள், பால் முடிந்தாலும் ரன் அவுட்தான். நாங்களும் சளைத்தவர்களல்ல. எங்களுக்கும் மூக்கு ஓடும், வாய்க்காலில் தண்ணீர் ஓடும். சைக்கிளைக்கூட நாங்கள் ஓடுவோம். காலால் ஓடுவதற்குத்தான் எங்கள் வீட்டில் தடை.

அந்தத் தடை இலங்கையில் வந்தது. போருக்குத் தப்பி வட்டக்கச்சியிலிருந்து மல்லாவிக்கு இடம்பெயர்ந்த அன்று, மூட்டைகள் கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு சனத்தோடு நடந்தோம். ஏழு வயது மகள் துளசி கரியரைப் பிடித்தபடி வந்தாள். ஆட்டுக்குட்டி ஒன்றைக் கண்டு முன்னே ஓடினாள். அவ்வளவுதான், சனம் அவளை மூடிவிட்டது. பின்னேரம்தான் கண்டுபிடித்தோம். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த ஒரு அக்காவின் மடியில் இருந்து பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணை, பிள்ளையைத் துலைச்சுப்போட்டுச் சைக்கிளைப் பத்திரமாக் கொண்டந்திட்டியள்!"

இப்போது துளசிக்குப் பன்னிரண்டு வயது. போன மாதம் பள்ளிக்கூடத்தில் ஒரு நீண்ட ஓட்டப்போட்டி. பாதை மரங்களுக்குள்ளால் போகிறதாம்.

"காட்டுக்குள்ளையோ? தனியவோ?" என்றேன்.

"காடில்லையப்பா, பார்க். பயமெண்டால் நீங்களும் சைக்கிளோட வாங்கோ."

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மனைவி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எப்படி மறுப்பது?

சைக்கிளில்லாமல்தான் போனேன். எல்லைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக மரங்களுக்குள் மறைந்தார்கள், அவளும் மறைந்தாள். நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்ட ஆசிரியை அருகே வந்து, "கவலைப்படாதீர்கள், அவள் நல்ல இடத்தில் வருவாள்" என்றார். "வந்தால் போதும்" என்றேன். என்ன அடக்கமான தகப்பன் என்று நினைத்திருப்பார்.

நெடுநேரம் கழித்து, நடுக்கூட்டத்தில், முழங்கால்வரை சேறு பூசிச் சிரித்துக்கொண்டு வந்தாள் துளசி. என்னைக் கண்டும் நிற்கவில்லை. "ஓடாதை பிள்ளை, மெல்ல!" என்று என் வாய் கத்தியது. கால்களோ கயிற்றுக்கு இப்பால் அவளோடு ஓடத் தொடங்கியிருந்தன.