ஒன்பதரைக்கு நின்ற கடிகாரம்

அந்த ஸ்டாப்வாட்ச் எழில்மொழியுடையது அல்ல. வியாசர்பாடியில் அவள் படித்த பள்ளியின் விளையாட்டு ஆசிரியரிடம் மூன்று மாதத்துக்கு என்று கேட்டு வாங்கி வந்தது. வெள்ளைக் கோட்டின் இடது பையில் ஸ்டெதஸ்கோப், வலது பையில் அது. 2002ஆம் வருடம் ஜூலை முழுவதும், திருவொற்றியூர்ப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில், செவ்வாயும் வெள்ளியும் மட்டும் நடக்கும் நெஞ்சுநோய்ப் பிரிவின் வாசலில் நின்று, யார் எத்தனை நிமிடம் காத்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தாள்.

எம்.பி.பி.எஸ். தேர்வுகளை முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருடம் அது. அந்த மருத்துவமனையில் அவளுக்கு மூன்று மாத வேலை. கூடவே அஞ்சல் வழியில் பி.பி.ஏ. படித்தாள். காலையில் கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் நிர்வாகவியல், திரும்பும் பஸ்ஸில் மருந்தியல் என்று படித்துப் படித்து வந்தவள். மூன்று வருடப் படிப்பை ஐந்து வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று விதி. அவளுக்கு அது ஐந்தாவது வருடம். எல்லாத் தாளும் தேறியாகிவிட்டது. ஒரு திட்ட அறிக்கையும் அதன்மேல் வாய்மொழித் தேர்வும்தான் மிச்சம். அது தவறினால் பழைய தேர்ச்சி எதுவும் செல்லாது. முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டும்.

"மேடம் ஆஸ்பத்திரிய வாங்கப் போறீங்களா, விக்கப் போறீங்களா?" என்று கூட வேலை பார்த்த நீலா கேட்பாள். "எதுன்னாலும் முன்னாடியே சொல்லிடுங்க. நான் வேற எடம் பார்த்துக்கிறேன்."

எழில்மொழி சிரித்துவிட்டுப் போய்விடுவாள். காரணத்தை அவள் யாரிடமும் விளக்கியதில்லை.

அவளுடைய அப்பா ஜெயவேல் எண்ணூரில் ஒரு கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டியவர். அவள் ஒன்பதாவது படிக்கும்போது வலது கையில் இரண்டு விரல் பிரஸ்ஸில் போயிற்று. கூட வேலை செய்தவர்கள் அந்த விரல்களை ஈரத்துணியில் சுற்றி, அவரையும் தாங்கிக்கொண்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் ஒருவன் கைகாட்டிய வரிசையில் நின்றார்கள். அது காய்ச்சல்காரர்கள் நிற்கும் வரிசை என்று தெரிய மூன்று மணி நேரம் ஆயிற்று. துணியைப் பிரித்துப் பார்த்த டாக்டர், "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே" என்றார். அவர்கள் முன்னாடியே வந்திருந்தார்கள். டாக்டருக்குத் திறமை இல்லாமல் இல்லை, நூலும் ஊசியும் இல்லாமல் இல்லை. வரிசைதான் சரியில்லை. வைத்தியம் மட்டும் படித்தால் வரிசையைச் சரிசெய்யத் தெரியாது என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது அப்படியே உள்ளே தங்கிவிட்டது.

ஆகவே திட்ட அறிக்கைக்கு அவள் வரிசையையே எடுத்துக்கொண்டாள். காலை ஆறரைக்குச் சீட்டு ஜன்னல் திறக்கும், ஒன்பதுக்கு மூடும். எட்டு மணிக்கு முதல் பெயரைக் கூப்பிடுவார்கள். ஒன்பதரைக்குள் எல்லாப் பெயரையும் ஒரு சுற்று கூப்பிட்டுவிடுவார்கள். ஒன்பதரைக்கு அவள் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கட்டடத்தின் மறுபக்கம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட ஓடுவாள். அது ஹவுஸ் சர்ஜன் வேலை, தப்ப முடியாது.

எட்டு நாள் கணக்கு எடுத்தாள். ஒரு நாளைக்குச் சராசரி நூற்று எண்பது சீட்டு. அதில் கூப்பிட்டபோது ஆள் இல்லாதவை ஐம்பத்தெட்டு. ஏறக்குறைய மூன்றில் ஒன்று. தங்களுக்குத் தேவை இல்லாமலே சீட்டு வாங்கிப் போட்டுவிட்டுப் போகிறார்கள், அதனால் நிஜமான நோயாளிகள் பின்னால் தள்ளப்படுகிறார்கள் என்று எழுதினாள். சீட்டை நோயாளியின் கையில் நேரில் மட்டுமே கொடுக்க வேண்டும், கூப்பிட்டபோது இல்லாதவர் சீட்டை ரத்து செய்ய வேண்டும் என்பது அவளுடைய பரிந்துரை.

தலைமை மருத்துவர் ராமசுப்பு அதை இரண்டு முறை படித்தார். "இத்தனை வருஷத்துல இங்க ஒருத்தரும் எண்ணிப் பார்த்ததில்லம்மா" என்றார். ஆகஸ்டு முதல் வாரமே அவள் பரிந்துரையை ஜன்னலில் அறிவிப்பாக ஒட்டச் சொன்னார். பன்னிரண்டு வரை நடக்கும் நெஞ்சுநோய்ப் பிரிவு பத்து மணிக்குக் காலியாயிற்று. டாக்டர்கள் சந்தோஷப்பட்டார்கள். 'பரிந்துரை நடைமுறைக்கு வந்து பலன் தந்தது' என்று ராமசுப்பு கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் கொடுத்தார். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வாய்மொழித் தேர்வுக்குள் விடமாட்டார்கள். அறிக்கையை நீல அட்டை போட்டு பைண்டு செய்து வைத்தாள். மாதக் கடைசிச் சனிக்கிழமை தேர்வு.

அதற்கு நான்கு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை காலை, சீட்டு ஜன்னலில் ஒரே சத்தம்.

"இத்தினி வருஷமா குடுத்துகினு இருந்த. இப்ப இன்னா புச்சா?"

கேட்டவள் குப்பம்மா, எர்ணாவூர் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பிலிருந்து வருபவள், கருவாடு விற்பவள். இழுப்புக்கு மாத்திரை வாங்க வாரம் தவறாமல் வருவாள்.

ஜன்னலுக்குள் இருந்த இருதயம்மாள், "உன் சீட்டு உனக்குக் குடுத்துட்டேன்ல? மத்தவங்களுக்குக் கேக்காத. ஆளு நேர்ல வரணும்" என்றாள்.

"வந்தானே! மூணு வாட்டி வந்தான். மூஞ்சில ஜன்னல மூடிட்ட. இப்ப ரத்தமா துப்பிகினு வூட்ல கெடக்கிறான். அவன நேர்ல இட்டாறதுக்கு நான் இன்னா கிரேன் வெச்சிகினு கீறனா?"

"என்னாண்ட கத்தி இன்னா புண்ணியம்? ரூலு நானா போட்டேன்? டாக்டரம்மா போட்டாங்க."

"எந்த டாக்டரம்மா?"

"தோ. நிக்கிறாங்களே."

வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. எழில்மொழி கையில் இருந்த கடிகாரத்தைப் பைக்குள் போட்டாள். குப்பம்மாவை ஓரமாக அழைத்துப்போய், யாருக்குச் சீட்டு என்று கேட்டாள்.

"பக்கத்து வூட்டு யாசினுக்கு. கரி எறக்குற வேலை, நைட்டு சிப்டு. எங்க சந்துல அவன மாரி ஆறு பேரு. நான்தான் ஆறரைக்கே வந்து ஆறு சீட்டும் வாங்கி வெப்பேன். அவங்க பத்து மணி வாக்குல வந்து காட்டிட்டுப் போவாங்க. எல்லா சந்துக்கும் இந்த மாரி ஒருத்தி கீறா. இதுகூடத் தெரியாதா? நீ லாரித் தண்ணி புடிச்சதே இல்லியாம்மா?"

எழில்மொழி பிடித்திருக்கிறாள்.

வியாசர்பாடி அடுக்குக் குடியிருப்பில் தண்ணீர் லாரி வருவதற்கு முன் ஆறு வீட்டுக் குடங்களை வரிசையில் போட்டுவிட்டு அவள் ஒருத்தியே நின்றிருக்கிறாள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. வேலைக்குப் போனவர்கள் லாரி வரும் நேரத்துக்கு ஓடி வந்து தூக்கிக்கொள்வார்கள். யாராவது ஒருவர், இந்தக் குடத்துக்கு ஆள் இல்லை, தூக்கி எறி என்று சொல்லியிருந்தால் அங்கே ரகளையே நடந்திருக்கும். அவளே முதல் ஆளாகக் கத்தியிருப்பாள். கடிகாரம் கைக்கு வந்ததும் அது எப்படி மறந்தது?

"பத்து மணிக்குத்தான் வருவாங்களா?" என்று கேட்டாள்.

"ஒம்போதரைக்கு மேலதான். சிப்டு வுட்டு வரணும்ல."

அவள் இருதயம்மாளிடம் போனாள். "ஒன்பதரைக்கு மேல இத்தனை பேர் வருவாங்கன்னு ஏன் சொல்லல?"

"என்னை யாரும் கேக்கலியேம்மா" என்றாள் இருதயம்மாள். கிண்டலாக இல்லை, உள்ளதைச் சொன்னாள்.

அன்று மதியமே எழில்மொழி குப்பம்மாவோடு எர்ணாவூருக்குப் போனாள். யாசின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால்மாட்டில் சாம்பல் போட்ட பால்டப்பா. சாம்பல்மேல் சிவப்பு நூல் நூலாக. மூன்று வயது மகள் உமைமா பக்கத்தில் தூங்கினாள். முதலில் குழந்தையைத்தான் தள்ளிப் படுக்க வைக்கச் சொன்னாள் எழில்மொழி.

"ஆறு மணிக்கு சிப்டு முடியுது டாக்டர்" என்றார் யாசின், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி. "எங்கள லாரியில ஏத்தி முக்குல எறக்கி வுடுறதுக்குள்ள எட்டரை. கரி மூஞ்சியோட ஆஸ்பத்திரிக்கு வர முடியுதா? குளிச்சிட்டு ஓடியாந்தா ஜன்னல் சாத்திக் கெடக்கு."

"ஒரு நாள் லீவு போட்டிருக்கலாமே."

கேட்ட பிறகுதான் அது எந்தக் கேள்வியின் தங்கை என்று அவளுக்கே உறைத்தது. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே.

யாசினின் மனைவி ரஹீமுன்னிசா பதில் சொன்னாள். "ஒரு நாள் போவலைன்னா மறுநாள் அந்த எடத்துல வேற ஆளு நிக்கும். ரூலு போட்டது நல்லாப் படிச்சவங்களாமே, குப்பம்மாக்கா சொல்லிச்சு. ரெண்டு படிப்பாம்."

எழில்மொழி டப்பாவை அதன் மூடியால் மூடினாள். பிறகு, "வெள்ளிக்கிழமை எப்ப வேணும்னாலும் வாங்க. சீட்டு வேணாம். பக்கவாட்டுக் கதவு வழியா நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

குப்பம்மா விடவில்லை. "இவனுக்கு சைடு கதவு. மத்த அஞ்சு பேருக்கு? அடுத்த சந்துக்கு? எல்லாருக்கும் நீயே கதவாண்ட நிப்பியா?"

மறுநாள் ராமசுப்பு அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"உன் ரிப்போர்ட்ட வெச்சுதான் ரூல் போட்டேன். மேலிடத்துக்கும் எழுதிட்டேன். இப்ப எதை வெச்சு எடுக்கிறது? ஒரு கருவாட்டுக்காரம்மா சொன்னாங்கன்னா?"

"என் கணக்கு தப்பு சார்."

"அப்ப தப்புன்னு எழுதிக் குடு. நாளைக்கே எடுத்துடறேன். ஆனா தப்புன்னு நீயே எழுதின ரிப்போர்ட்டுக்கு என் சான்றிதழ் நிக்காது. திருப்பி வாங்கிக்கணும்." பேனாவை மூடினார். "இல்லன்னா சனிக்கிழமை தேர்வ முடிச்சிட்டு வா. திங்கட்கிழமை மெதுவா ஏதாவது பண்ணலாம்."

நடுவில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. ஒரு நாள் தானே என்று அவளுக்குள்ளும் ஒரு குரல் சொல்லத்தான் செய்தது. வீட்டில் அப்பா, மாடிப்படியில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மூன்று விரல் மிஞ்சிய வலது கையைத் தூக்கி, "எம்பொண்ணு டபுள் டிகிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நீல அட்டையைத் திறந்து தன் அட்டவணையையே பார்த்தாள். 'அழைத்தும் வராதோர்: 58.' திருத்தமான கையெழுத்து. ஒரு அடித்தல் கிடையாது. ஒரு நாள் என்றால் ஐம்பத்தெட்டு பேர்.

வியாழக்கிழமை காலையில் எழுதிக் கொடுத்தாள். நான்கே வரி. 'என் அளவீடு ஒன்பதரை மணியோடு நின்றது. அதற்குமேல் வந்தவர்களை நான் பார்க்கவில்லை. அவர்களை வராதவர்கள் என்று எழுதினேன். என் முடிவு தவறு.' ராமசுப்பு சான்றிதழை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜன்னலில் அறிவிப்பு இல்லை. பசை காய்ந்த சதுரம் மட்டும் இருந்தது. குப்பம்மா ஆறு சீட்டு வாங்கினாள். சனிக்கிழமை வாய்மொழித் தேர்வு நடந்த நேரத்தில் எழில்மொழி யாசினின் சளிப் பரிசோதனைத் தாளை வாங்கிக்கொண்டிருந்தாள். அதில் மூன்று கூட்டல் குறி, சளியில் காசநோய்க் கிருமி ஏராளம் என்று அர்த்தம். முதல் மாத்திரைகளை அவர் அவள் கண்முன்னால் விழுங்கினார்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "அஞ்சு வருசமும் போச்சா?" என்று மட்டும் கேட்டார்.

செப்டம்பரில் அவள் மறுபடியும் எட்டு நாள் எண்ணினாள். எந்த அறிக்கைக்கும் அல்ல. தடுப்பூசி வேலையை நீலா ஏற்றுக்கொண்டாள். இந்த முறை அவளும் கிண்டல் செய்யவில்லை. எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை கடிகாரம் ஓடியது. ஒன்பதரைக்கு மேல், கண்ணிமையில் கரி ஒட்டியபடி, ஈரத்தலையோடு, ஒவ்வொருவராக வந்து சந்துப் பெண்களிடம் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். கூப்பிட்டபோது ஆள் இல்லாத சீட்டு இப்போது சராசரி நாற்பத்தொன்று, அத்தனைக்கும் பிறகு ஆள் வந்தது. முன்பு ஐம்பத்தெட்டு. நாளுக்குப் பதினேழு பேர் திரும்ப வரவேயில்லை.

ஆகஸ்டில் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பெயரை எங்கே பார்ப்பது என்று தேடினாள். சீட்டு வாங்கியவர் பெயர்தான் பதிவேட்டில் இருக்கும். சீட்டு மறுக்கப்பட்டவருக்குப் பதிவு கிடையாது. குப்பம்மாவுக்கு அவள் சந்துதான் தெரியும். இருதயம்மாளிடம் கேட்டதற்கு, "எண்ணலியேம்மா. எண்ணச் சொல்லலியே" என்றாள்.

எட்டாவது நாள் பன்னிரண்டு அடித்ததும் உள்ளே டாக்டர்கள் எழுந்தார்கள். எழில்மொழி கடிகாரத்தை நிறுத்தாமல் வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருதயம்மாள் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இன்னும் யாரும்மா வரணும்?"

சொல்ல அவளிடம் ஒரு பெயரும் இல்லை.