கேன்காரர் சேர்த்த எண்ணெய்

அந்தத் துறைமுகத்தில் இருநூறு படகுகளுக்கு மேல் உண்டு. எந்த எஞ்சினுக்கு எப்போது எண்ணெய் மாற்றுவார்கள், எதன் குழாய் ஒழுகும், எந்தச் சாரங்கிடம் காலையில் பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுவார் என்பதெல்லாம் கேன்காரருக்கு அத்துப்படி. சாரங்கு என்றால் படகை ஓட்டுகிறவர். கேன்காரரின் வேலை, படகு படகாகப் போய்க் கழிவெண்ணெயை வாங்கி வருவது. தட்டையான ஒரு சின்னப் படகு, அதில் முப்பது பிளாஸ்டிக் கேன்கள், ஒரு கைப்பம்ப், ஒரு மூட்டை பழந்துணி. பதினோரு வருஷம் அதுதான் அவர் பிழைப்பு.

அதற்கு முன்னால் மீன்பிடிப் படகு ஒன்றில் பதினான்கு வருஷம் எஞ்சின் பார்த்தார். எஞ்சினுக்கு அடியில், படகின் வயிற்றில், கசிந்த கடல் தண்ணீரும் டீசலும் எண்ணெயும் கலந்து கறுப்பாகத் தேங்கும். பில்ஜ் தண்ணீர் என்பார்கள். கரை தெரிந்ததும் பம்பைத் தட்டி அதைக் கடலில் இறைத்துவிடுவது எல்லாப் படகிலும் வழக்கம். அவரும் இறைத்தார். பல் தேய்ப்பது மாதிரி தினமும் ஒரு வேலை, அவ்வளவுதான்.

அவருடைய அக்கா கழிமுகத்துச் சேற்றில் சிப்பி தோண்டிப் பிழைத்தவள். புருஷன் இறந்து, ஒரு மகளோடு தம்பி வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தாள். ஒரு நாள் மத்தியானம் இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கூடையோடு உள்ளே வந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை கறுப்பு. கூடையிலிருந்து டீசல் வாடை குப்பென்று வீசியது.

"எவனோ உள்ள வரும்போதே பம்ப் போட்டிருக்கான். காலையிலேர்ந்து குனிஞ்சது அத்தனையும் போச்சு. அவன் கை விளங்குமாடா?" என்றாள்.

அன்று காலை கழிமுகத்து வாய்க்காலில் முதலில் நுழைந்தது இவருடைய படகு. பம்பைத் தட்டியது இவர் கை. அவர் சோற்றைப் பிசைந்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அக்கா மண்ணெண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சில மாதம் கழித்துத் துறைமுக அலுவலகம் கழிவெண்ணெய் சேகரிக்க ஒரு திட்டம் கொண்டுவந்து, அதை ஒரு காண்டிராக்டரிடம் ஒப்படைத்தது. ஆள் தேவை என்று கேள்விப்பட்டு இவர் போய் நின்றார். சம்பளம் பாதிதான். கேட்டவர்கள் இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்றார்கள். மனைவிக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, ஆனால் வெளியில் சொல்லவில்லை.

வாங்கி வருவது சுலபமாக இல்லை. முதல் வருஷம் பலர் இவரைக் கண்டாலே பம்பைத் தட்டிவிட்டுச் சிரித்தார்கள். ஒருவர் கேனில் வெறும் கடல் தண்ணீரை நிரப்பிக் கொடுத்து, எண்ணெய் மிதக்கும்வரை காத்திருக்கச் சொன்னார். இவர் கோபித்துக்கொள்ளவில்லை. எஞ்சின் அறைக்குள் தானே இறங்கி ஒழுகும் மூட்டுகளை இறுக்கிக் கொடுத்தார். கசிவுக்கு அடியில் வைக்கத் தகரத் தட்டு அடித்துத் தந்தார். டீசல் நிரப்பும்போது குழாய் வாயைச் சுற்றித் துணி கட்டவும், கிழிந்த வலையையும் காலி பாட்டிலையும் கடலில் எறியாமல் சாக்கில் போட்டுக் கொண்டுவரவும் பழக்கினார். ஒவ்வொரு படகாக வழிக்கு வந்தது.

கடைசிவரை மசியாதவர் கறார் என்று பட்டப்பெயர் கொண்ட ஒரு சாரங்கு. நாலு வருஷம் பிடி கொடுக்கவில்லை. நீ வாங்கிக்கொண்டு போய் எங்கே கொட்டுகிறாய் என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. கழிவெண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை ஒன்று நாலு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது, வாராவாரம் டேங்கர் லாரி போகிறது என்று இவர் சொன்னார். ஆலையின் முத்திரை குத்திய ரசீதை, எண்ணெய் சேர்த்துவைக்கும் டிப்போவிலிருந்து எடுத்துப்போய்க் காட்டினார். கறார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுநாளிலிருந்து கேனைத் தானே சுமந்துகொண்டு வர ஆரம்பித்தார். அந்த வாரம் முழுக்க இவர் வீட்டில் யார் என்ன கேட்டாலும் சிரித்த முகமாகவே இருந்தாராம்.

இதற்கு நடுவில் அக்காவின் பிழைப்பு தேய்ந்தது. சிப்பி வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. கிடைத்ததும் ஓட்டுக்குள் சுருங்கிக் கிடந்தது. கடைசியில் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலைக்குப் போனாள். கடலே சூடாகிக்கொண்டு வருகிறது, அதனால்தான் இப்படி என்று இவர் சமாதானம் சொன்னார். எங்கோ படித்தது. அவரும் அதை நம்பினார்.

டேங்கர் லாரி ஓட்டியவர் இவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். இவர் சிபாரிசு செய்து சேர்த்துவிட்ட ஆள். பதினோராம் வருஷம் மச்சானுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, கூட வரும் கிளீனரும் நின்றுவிட்டான். ஒரு காலை, ரப்பர் குழாயைத் தூக்க ஆளில்லை, ஒரு நடை வந்து போ என்று மச்சான் கூப்பிட்டார். சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை. இவர் அதைக் கவனித்தது பிற்பாடு யோசித்தபோதுதான்.

லாரி நெடுஞ்சாலைக்குப் போகவில்லை. இருபது நிமிஷத்தில் ஒரு மூடிய செங்கல் சூளையின் பின்பக்கம் திரும்பி, நாணல் மண்டிய ஒரு ஓடையின் சின்னப் பாலத்தில் நின்றது. வெயில் சுள்ளென்று அடித்தது. பாலத்துக்கு அடியில் மண் தார் மாதிரி பளபளத்தது. மச்சான் இறங்கி வால்வுப் பக்கம் போய், குழாயை எடுத்துத் தரச் சொன்னார்.

இவருக்கு முதலில் புரியவில்லை. லாரி பழுதோ என்று கேட்டார். மச்சான் பாலத்தின் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ஆலை மூடி எட்டு வருஷமாச்சு மாப்ளே. முதல் மூணு வருஷம் ஒழுங்காத்தான் போச்சு. அப்புறம் இங்கதான்."

"முத்திரை குத்தின ரசீது?"

"முத்திரை நம்ம காண்டிராக்டர் முதலாளி மேஜையில இருக்கு."

ஓடை எங்கே போகிறது என்று இவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. அக்கா சிப்பி தோண்டிய சேற்றில்தான் அது கலக்கிறது. முன்பு இருநூறு படகுகள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கடல் முழுக்கச் சிந்திய எண்ணெய். இவர் படகு படகாகப் போய்ப் பிச்சை எடுப்பதுபோல் கெஞ்சி, ஒரு துளி வீணாகாமல் திரட்டி, இந்த ஒரே இடத்துக்கு அனுப்பிவைத்திருக்கிறார். குழாயைக் கீழே போட்டுவிட்டு நடந்தே ஊர் திரும்பினார். அன்றைக்கு லாரியை மச்சான் தனியாகவே காலி செய்தார்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். புகார் கொடுத்தால் முதலில் மாட்டுவது வால்வைத் திறந்த ஆள்தான் என்று இருவருக்கும் தெரியும். அவள், "கொடுக்காதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. கொடுங்கன்னும் வரலை. என்னைக் கேக்காதீங்க" என்றாள்.

மூன்று நாள் கழித்து இவர் புகார் எழுதிக் கொடுத்தார். அதிகாரிகள் வந்து ஓடைத் தண்ணீரைச் சின்னச் சின்ன பாட்டில்களில் எடுத்துக்கொண்டு போனார்கள். மச்சானைப் பிடித்தார்கள். டிரைவர் எங்கே கொட்டுவார் என்று தனக்கு எப்படித் தெரியும் என்றார் காண்டிராக்டர். வழக்கில் அவர் பெயரே வரவில்லை. ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள், டிப்போவைப் பூட்டினார்கள். வேறு யாரும் அந்த வேலையை எடுக்க முன்வரவில்லை. துறைமுக அலுவலகத்தில் கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரே பதில்தான்.

அக்காவிடம் தானே போய்ச் சொன்னார். பழைய நாளில் பம்பைத் தட்டியது யார் என்பதையும் சேர்த்தே சொன்னார். அவள் ஆஸ்பத்திரிச் சீருடையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"இப்ப எதுக்குடா இதெல்லாம் சொல்றே? நான் மன்னிச்சா சிப்பி வந்துடுமா?" என்றவள் சீருடையை அலமாரியில் வைத்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள். இவரால் அங்கே நிற்க முடியவில்லை.

சேதி துறைமுகத்தில் பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. இவர் காலிப் படகோடு ஒவ்வொருவரிடமும் போனார். கொஞ்ச நாள் பில்ஜ் தண்ணீரைக் கேனிலேயே வைத்திருங்கள், ஏதாவது ஏற்பாடு செய்கிறேன் என்று கேட்டார். சிலர் முதுகைத் திருப்பிக்கொண்டு வலையைப் பிரித்தார்கள். கறார் மட்டும் கையைக் காட்டி நிற்கச் சொன்னார். கோபமே இல்லாமல் பேசினார். அதுதான் இவரை அறுத்தது.

"நாலு வருஷம் உன்னை நம்பலை. அப்ப நான் ஊத்தினது அலையில கரைஞ்சு போச்சு. உன்னை நம்பினதுக்கப்புறம் ஏழு வருஷம் பொத்திப் பொத்திக் கொண்டாந்து குடுத்தேன். எது நல்லது, நீயே சொல்லு கேன்காரரே."

"எனக்குத் தெரியாதுண்ணே. சத்தியமா தெரியாது."

"தெரியாதுன்னு எனக்கும் தெரியும். அதனால என்ன?"

கறார் உள்ளே போய் பம்பைத் தட்டினார். படகின் பக்கவாட்டுத் துளையிலிருந்து கறுப்புத் தண்ணீர் கொட்டி, வானவில் நிறத்தில் விரிந்து, இவருடைய தட்டைப் படகைச் சுற்றிக்கொண்டது. அடுத்த படகிலும் பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. அந்த மாதத்துக்குள் துறைமுகம் பழையபடி ஆயிற்று. வலையும் பாட்டிலும்கூடத் திரும்பவும் மிதக்க ஆரம்பித்தன.

இப்போது அவர் அக்கரைக்கு ஆள் ஏற்றும் படகு ஒன்றில் எஞ்சின் பார்க்கிறார். அதன் பில்ஜ் தண்ணீரை மட்டும் கேனில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார். கொடுக்க இடமில்லை. வீட்டின் பின்பக்கத்தில் சுவர் ஓரமாகக் கேன்கள் இரண்டு வரிசையாகிவிட்டன. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாடை என்கிறார்கள். மனைவி துணி காயப்போடும் கயிற்றை வாசல் பக்கம் மாற்றிக் கட்டிவிட்டாள்.

போன மாதம் மச்சான் விடுதலையாகி வந்தார். தங்கையைப் பார்க்க வந்தவர், பின்பக்கம் போய்க் கேன்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஆள் பாதியாகியிருந்தார். இவரும் போய்ப் பக்கத்தில் நின்றார். ஜெயிலைப் பற்றியோ புகாரைப் பற்றியோ இருவரும் பேசவில்லை.

வேலை ஏதாவது கிடைத்ததா என்று இவர் கேட்டார். லாரிதான் என்றார் மச்சான். சாயப் பட்டறைக் கழிவுத் தண்ணீர் ஏற்றும் டேங்கர், திங்கட்கிழமையிலிருந்து.

"எங்க கொண்டு போறேன்னு மட்டும் கேக்காதே மாப்ளே."

இவர் கேட்கவில்லை. மனைவி இருவருக்கும் டீ கொண்டுவந்து, வைக்க இடமில்லாமல் ஒரு கேனின் மூடிமேல் வைத்துவிட்டுப் போனாள்.