நிகரகுவாவுக்குப் போகாத என் தம்பி

என் தம்பி மறைந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய நற்குணங்களை மற்றவர்கள் இந்த நினைவு மலரில் எழுதியிருக்கிறார்கள். அவருக்கு நான் செய்ததை நான்தான் எழுத வேண்டும்.

கழுகுமலைக்குக் கிழக்கே எங்கள் கரிசல்காட்டு ஊரில் அவர் பிறந்தார். அப்பா இறந்தபோது அவர் கைக்குழந்தை. என் தோளில் வளர்ந்தார். கல்லூரியில் நிலவியல் படித்தார். படிப்பு முடிந்த ஆண்டு, மத்திய அமெரிக்காவின் நிகரகுவா நாட்டுக்கு எரிமலைகளை ஆராயப் போகும் ஒரு குழு, உதவியாளர் இடத்துக்காக அவரைச் சென்னைக்கு நேர்காணலுக்கு அழைத்தது.

அந்த நாட்டின் கதையை ஊரில் எல்லோரிடமும் சொன்னார். நானூறு ஆண்டுகளுக்கும் மேலே, ஸ்பெயின் பாதிரியார் ஒருவர், மசாயா எரிமலையின் வாய்க்குள் கொதிப்பது தங்கம் என்று நம்பி, கூடையில் உட்கார்ந்து உள்ளே இறங்கினாராம். கிடைத்தது வெறும் கல். பேராசையில் இறங்கினாலும் உள்ளே எட்டிப் பார்த்தவர் அவர்தானே என்பார் தம்பி. பிற்காலத்தில் அங்கே கோசிகுயினா என்ற எரிமலை வெடித்துப் பகலை இருட்டாக்கியது. அதற்குப் பிறகும், மலையருகே கருவியோடு தங்கிக் கவனிக்க ஆட்கள் மிகக் குறைவு என்றார். எங்கள் மாமா, "ஏலே மருமவனே, இங்கன அடிக்குத வெயிலு காணாதுன்னா அங்கன போற?" என்று கேட்க, தம்பியும் சேர்ந்து சிரித்தார்.

புரட்டாசியில் மழை விழுந்தது. ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டும், விதைத்துவிட்டுப் போ என்றேன்.

"தம்பியப் போக விடுங்க. விதைக்கதுக்கு ஊருல ஆளா இல்ல?" என்றாள் என் மனைவி.

ஆள் இருந்தது. போனால் திரும்பமாட்டார் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு விதைப்பு என்று பெயர் வைத்தேன்.

விதைப்பு முடியுமுன் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. வண்டித்தடம் முழுவதும் சேறு. பேருந்து வரும் சாலைவரைகூட வண்டி போகவில்லை. நேர்காணல் நாள் கடந்தது. விதைத்ததும் அழுகிப்போயிற்று.

தம்பி கோவில்பட்டியில் பள்ளி ஆசிரியரானார். ஒரு சொல்லால்கூட என்னைக் குறை கூறியதில்லை. நிகரகுவாவில் மொமோதோம்போ எரிமலையடியில் உள்ள சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்களாம் என்று ஒருநாள் வந்து சொன்னார். அப்படியா என்றேன். எப்படி என்று கேட்கவில்லை.

நாற்பது வயதுகூட ஆகாமல் மஞ்சள் காமாலையில் படுத்தார். கடைசி வாரத்தில், அந்த மழை மட்டும் பெய்யாதிருந்தால் என்று ஆரம்பித்தேன்.

"மழைய ஏம்ணே சொல்லுதீங்க? நடந்தே போயிருப்பேன். நீங்க ஒடஞ்சு போவீகளேன்னுதான் இருந்துட்டேன்" என்றார்.

அவருக்காகக் கண்விழித்த மருத்துவர்களுக்கும், உடன் பணியாற்றிய ஆசிரியர்களுக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என்னைத் தேற்ற வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு நான் தகப்பனாக இருந்தேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.